எமது கையில் உள்ளவையும் இல்லாதவையும்

(மேற்பிரிவு மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்து படிப்பதற்கான பாடம்)



வகுப்பறையில் அடிக்கடி எழுகின்ற இரண்டு வினாக்களை இவ்வாண்டு மலரில் பாடமாக அமைத்துள்ளோம். பேச்சுப்போட்டியில் பரிசு பெறாத பிள்ளை, "நன்றாகத்தானே பாடமாக்கினேன், ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்கின்றது. பரீட்சையில் புள்ளி குறைந்த பிள்ளையோ, "கேள்விகள் கடினம், நான் என்ன செய்வது?" என்று கேட்கின்றது. பெற்றோரும் தத்தம் வாழ்க்கையைப் பற்றி இவ்விரு வினாக்களையே வேறு சொற்களில் கேட்டு வருகின்றனர்.

இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், எமது கட்டுப்பாட்டுக்குள் அடங்குவன எவை, அடங்காதன எவை என்பதை முதலில் பிரித்தறிதல் வேண்டும். பிரித்தறியாதவர்கள் இரண்டு வகையான துன்பத்துக்கு ஆளாகின்றனர். தம்மால் ஆகாத ஒன்றுக்காகத் தம்மையே நொந்துகொள்வது முதல் வகை. தம்மால் ஆகக்கூடிய ஒன்றை விதியின் தலையில் போட்டுவிட்டுக் கைகட்டி இருப்பது இரண்டாம் வகை. முன்னது வேண்டாத சுமை. பின்னது கடமை தவறுதல். ஒரே மனிதரிடத்தில் இவ்விரண்டும் ஒருங்கே காணப்படுவதும் உண்டு.

1. அடிமையாய் இருந்த ஆசிரியர்

இவ்விடயத்தைத் தமது போதனையின் முதற்பாடமாக வைத்த பேராசான் ஒருவர் உரோமப் பேரரசில் வாழ்ந்தார். அவர் பெயர் எபிக்ரெற்றஸ். இன்றைய துருக்கி நாட்டில் அமைந்திருந்த ஹைராப்பொலிஸ் நகரில் கி.பி. 50 ஆம் ஆண்டளவில் பிறந்தவர். கிரேக்க மொழியில் அவருடைய பெயருக்குப் 'பெறப்பட்டவர்' என்பது பொருள். ஒரு பொருளைப் பெற்றுக்கொள்வது போலப் பெறப்பட்டு, உரோமாபுரியில் அடிமையாக இருந்தவர் அவர். நீரோ மன்னனின் அரண்மனையில் உயர்பதவி வகித்த எப்பாபிரோடிற்றஸ் என்பவரே அவருடைய எசமானர். எபிக்ரெற்றஸ் கால் ஊனமுற்றவராகவும் இருந்தார்.

அடிமையாக இருந்த காலத்திலேயே மியூசோனியஸ் ரூபஸ் என்ற தத்துவ ஆசிரியரிடம் பாடம் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பின்னர் விடுதலை பெற்றுத் தாமும் ஆசிரியரானார். கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், டொமிசியன் என்னும் பேரரசன் தத்துவ ஆசிரியர்களை உரோமாபுரியிலிருந்து வெளியேற்றினான். எபிக்ரெற்றஸ் கிரேக்க நாட்டின் மேற்குக் கரையிலுள்ள நிக்கொப்பொலிஸ் நகரை அடைந்து, அங்கே ஒரு பாடசாலையைத் தொடங்கினார். டொமிசியன் கி.பி. 96 இல் கொல்லப்பட்ட பின்னரும் அவ்வூரிலேயே கற்பித்து வந்தார்.

அவர் எதையும் எழுதிவைக்கவில்லை. அவருடைய மாணாக்கராகிய அர்ரியன் என்பவர் கேட்டவற்றைக் குறித்துவைத்தார். அக்குறிப்புகளில் நான்கு பகுதிகளும், அவற்றின் சாரமாகிய ஒரு சிறு கைநூலும் இன்றும் கிடைக்கின்றன. கி.பி. 161 முதல் 180 வரை உரோமாபுரியை ஆண்ட மார்க்கஸ் ஒரேலியஸ் என்ற பேரரசன், இக்குறிப்புகளைத் தனக்குப் படிக்கத் தந்தவருக்குத் தன் நூலில் நன்றி கூறியிருக்கின்றான். அடிமையாய் இருந்தவரின் பாடத்தைப் பேரரசன் படித்தான் என்பது சிந்திக்கத்தக்கது.

அந்தக் கைநூலின் தொடக்கமே எமது பாடத்தின் பொருளாகும். ஒரு விடயத்தைப் பற்றி நாம் கொள்ளும் கருத்து, எதைச் செய்ய முனைகின்றோம் என்பது, எதை விரும்புகின்றோம், எதை வெறுக்கின்றோம் என்பன எமக்கு உரியவை என்று அது வகுக்கின்றது. உடல், உடைமை, பிறர் எம்மைப் பற்றிக் கூறுவது, பதவி முதலியன எமக்கு உரியவை அல்ல என்கின்றது. இவ்வாறு பிரித்தவரின் வாழ்க்கையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அடிமைத்தளையும் ஊனமும் நாடு நீக்கமும் அவர் தெரிந்துகொண்டவை அல்ல. புதிய ஊரில் பாடசாலை தொடங்கியதோ அவர் தாமாகத் தெரிந்துகொண்டது.

2. மூன்று நிரல்கள்

எபிக்ரெற்றஸ் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தார். மாணவர்களுக்கு விளங்கும் பொருட்டு நாம் மூன்றாகப் பிரிப்போம். ஒரு தாளில் மூன்று நிரல்கள் வரையுங்கள். முதல் நிரலில் முழுவதும் எமது கையில் உள்ளவை. இரண்டாம் நிரலில் சிறிதும் எமது கையில் இல்லாதவை. மூன்றாம் நிரலில் இரண்டும் கலந்தவை.

எமது தாயகத்துக் கமக்காரரின் தொழிலைக் கொண்டு இதனை விளக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழை, சுண்ணாம்புக்கற் பாறையினூடே கீழிறங்கித் தங்குகின்றது. அந்நீரைக் கிணறுகளிலிருந்து இறைத்தே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்கை பண்ணினர். முன்னைய நாட்களில் துலா மிதித்தும், பின்னர் இயந்திரத்தைக் கொண்டும் இறைத்தனர்.

மழை எவ்வளவு பெய்யும் என்பது கமக்காரரின் கையில் இல்லை. அது இரண்டாம் நிரல். நிலத்தைப் பண்படுத்துதல், நல்ல விதையைத் தெரிதல், களை பிடுங்குதல், உரிய வேளையில் நீர் பாய்ச்சுதல் ஆகியன முதல் நிரல். விளைச்சல் மூன்றாம் நிரல். உழைப்பும் வேண்டும், மழையும் வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனித்தல் வேண்டும். அளவுக்கு மிஞ்சி நீரை இறைத்தால் நிலத்தடியில் உவர்நீர் ஏறிவிடும். நல்ல கிணறும் கெட்டுப்போகும். மழை எம்மால் ஆவதன்று. பெய்த மழையில் எவ்வளவை எடுப்பது என்பது எம்மால் ஆவது. எமது கையில் இல்லாத பெரிய விடயத்துக்கு உள்ளேயும் எமது கையில் உள்ள சிறிய விடயம் ஒன்று அமைந்திருப்பதை இதனால் அறிகின்றோம். அதனைத் தேடிக் கண்டுபிடிப்பதே அறிவு.

எபிக்ரெற்றஸ் சார்ந்திருந்த ஸ்ரோயிக் என்னும் தத்துவப் பிரிவினரிடையே வில்லாளன் உவமை ஒன்று வழங்கி வந்தது. நேராக நிற்பதும், நன்கு குறிபார்ப்பதும், தக்கவாறு நாணை இழுத்து விடுவதும் வில்லாளனின் வேலை. வில்லை விட்டு நீங்கிய அம்பு காற்றுக்கும் உரியது. நன்றாக எய்தவனே நல்ல வில்லாளன். அம்பு விலகினாலும் அவன் திறமை குறைந்துவிடுவதில்லை.

இப்பொழுது பேச்சுப்போட்டிக்கு வருவோம். பொருளை விளங்கிப் படிப்பதும், ஒலிபிழையாது பயில்வதும், மேடையில் நிமிர்ந்து நின்று பேசுவதும் உங்கள் கையில் உள்ளவை. உங்களுக்கு முன்னர் பேசுபவர் எவ்வளவு திறமையாகப் பேசுவார் என்பதும், நடுவருக்கு எது பிடிக்கும் என்பதும் உங்கள் கையில் இல்லை. பரிசு மூன்றாம் நிரலுக்கு உரியது. ஆகவே பரிசு கிடையாத பிள்ளை முதலில் முதல் நிரலைப் பார்க்க வேண்டும். அதிலே குறை இருந்தால் அடுத்த ஆண்டு திருத்தலாம். குறை இல்லையாயின் தலை நிமிர்ந்து வீடு செல்லலாம். பரிசு பெற்ற பிள்ளையும் அதே நிரலைப் பார்த்தல் நன்று. பரிசு ஒன்றே முயற்சிக்குச் சான்றாகிவிடாது.

3. வள்ளுவர் வைத்த இரண்டு அதிகாரங்கள்

திருக்குறளில் 38 ஆவது அதிகாரம் 'ஊழ்' என்பதாகும். அறத்துப்பாலை நிறைவு செய்வது அதுவே. ஊழை விட வலிமை மிக்கது எது என்ற கருத்தோடு அவ்வதிகாரம் முடிகின்றது. இதனை மட்டும் படிப்பவர்கள் முயற்சி பயனற்றது என்ற முடிவுக்கு வந்துவிடலாம். ஆனால் பொருட்பாலில் 62 ஆவது அதிகாரமாக 'ஆள்வினையுடைமை'யையும் வள்ளுவர் வைத்துள்ளார். ஆள்வினை என்பது விடாமுயற்சி. தளராமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காணச் செய்வர் என்ற கருத்து அதன் இறுதிக் குறளில் இருக்கின்றது.

இவை முரண்பட்ட கூற்றுகள் என மாணவர்கள் கருதக்கூடும். ஆள்வினையுடைமையின் இறுதி மூன்று குறள்களையும் சேர்த்துப் படித்தால் ஐயம் நீங்கும். நல்லூழ் வாய்க்காமை எவருக்கும் இழுக்காகாது, அறியவேண்டியதை அறிந்து முயலாமையே இழுக்கு என்பது ஒன்று. எண்ணிய பயன் கைகூடாத போதும், உடல் வருந்த உழைத்ததற்கு உரிய கூலியை முயற்சி தந்துவிடும் என்பது அடுத்தது. அதன் பின்னரே ஊழை வெல்லுதல் பேசப்படுகின்றது.

இதில் உள்ள நீதியைக் கவனியுங்கள். நேர்ந்த இடருக்காக ஒருவரைப் பழித்தல் ஆகாது. செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதற்காகவே பழிக்கலாம். உரோமாபுரியில் அடிமையாய் இருந்தவரும் எமது வள்ளுவரும் வேறு வேறு வழியில் நடந்து, ஏறத்தாழ ஒரே எல்லைக்கல்லை நாட்டியிருக்கின்றனர்.

4. உடம்பு எந்த நிரலுக்கு உரியது?

உடலை எமது கையில் இல்லாதவற்றுள் எபிக்ரெற்றஸ் சேர்த்தார். நோய் எப்போது வரும் என்பது எவருக்கும் தெரியாது என்ற அளவில் அது சரியே. எனினும் இன்றைய மருத்துவ அறிவைக் கொண்டு நோக்குமிடத்து, உடம்பை மூன்றாம் நிரலில் வைப்பதே பொருத்தம்.

எம்மவரிடையே பரவலாக உள்ள நீரிழிவு நோயை எடுத்துக்கொள்வோம். தென்னாசிய மக்களுக்கு இந்நோய் ஐரோப்பியரை விட இளவயதிலும், உடற்பருமன் அதிகம் இல்லாத நிலையிலும் ஏற்படுகின்றது. தாய் தந்தையரிடமிருந்து வரும் உடலமைப்பை எவரும் மாற்ற இயலாது. ஆனால் நடையும் உணவும் எம்மிடம் உள்ளன.

இவை எவ்வளவு தூரம் உதவும்? சென்னையைச் சேர்ந்த மருத்துவர்கள், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்றின் முடிவு 2006 இல் வெளியாயிற்று. வழமையான ஆலோசனையுடன் மட்டும் இருந்தவர்களுள் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடைப்பயிற்சியையும் முறையாகக் கைக்கொள்ளுமாறு வழிநடத்தப்பட்டவர்களுள் அத்தொகை நூற்றுக்கு 39 ஆகக் குறைந்தது.

இவ்விரண்டு எண்களையும் மாணவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 55 என்பது 39 ஆனது முயற்சியின் பயன். ஆதலால் "பரம்பரை நோய், என்ன செய்வது?" என்று சோற்றுக் கோப்பையை நிறைத்துக்கொள்வது சரியன்று. அந்த 39 பேரோ வழிநடத்தப்பட்ட பின்னரும் நோய்க்கு ஆளானவர்கள். ஆதலால் நோயுற்ற ஒருவரைப் பார்த்து "நீ ஒழுங்காக இருந்திருந்தால் வந்திராது" என்று கூறுவதும் சரியன்று. முயற்சி, நன்மைக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றது; உறுதிப்பத்திரம் எழுதித் தருவதில்லை.

5. மனிதர் செய்ததை விதி என்னலாமா?

இப்பாடத்தைத் தவறாக விளங்கிக்கொள்வதால் வரும் தீமை ஒன்று உண்டு. எமது கையில் இல்லாத அனைத்தையும் விதி என்று அழைத்துவிட்டுப் பேசாதிருத்தலே அது.

எமது கையில் இல்லாத ஒன்று, பிறிதொருவர் கையில் இருக்கக்கூடும். புயலினால் கூரை பறந்தால் அது இயற்கை. ஒருவர் தீ மூட்டியதால் வீடு எரிந்தால், எரியாமல் விட்டிருக்கக்கூடிய ஒருவர் இருந்தார். வீட்டுக்காரரால் அதைத் தடுக்க இயலவில்லை என்பது உண்மை. அதனால் தீ மூட்டியவரின் பொறுப்பு ஒரு சிறிதும் குறைந்துவிடாது. 'கட்டுப்படுத்த இயலாதது' என்ற சொல்லைக் கேட்கும்போது, 'எவரால் இயலாதது?' என்று வினவுதல் வேண்டும்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அது விதியால் நேர்ந்ததன்று, மனிதர் செய்தது. அந்நூல்களை மீட்பது எவராலும் ஆகாது. ஆயினும் எஞ்சிய நூல்களையும் பத்திரிகைகளையும் வீடு வீடாகத் தேடி, பக்கம் பக்கமாக ஒளிவருடி, உலகில் எங்கிருந்தும் படிக்கும்படி இணையத்தில் வைக்கும் பணியை 'நூலகம்' என்னும் பெயரில் 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கினர். தாயகத்தில் அச்சான பழைய நூல்களை இன்று நீங்கள் உங்கள் அறையில் இருந்தவாறே படிக்க முடிவது அத்தகைய உழைப்பின் பயனே. எரிந்தது இரண்டாம் நிரல். எரியாததைக் காத்தல் முதல் நிரல். எரித்தது தவறு என்று சொல்லுதலும் முதல் நிரலே.

6. கடந்த காலம்

எமது பெற்றோர்களுள் பலர் வெளியில் சொல்லாத ஒரு கணக்கை மனத்துக்குள் பார்த்து வருகின்றனர். ஒரு நாள் முந்திப் புறப்பட்டிருந்தால் தாயார் உயிரோடு இருந்திருப்பாரோ? தம்பியை வேறு பாதையால் அனுப்பியிருந்தால் அவன் காணாமற் போயிருக்க மாட்டானோ? 2009 ஆம் ஆண்டு வன்னியில் இருந்தவர்களிடமும், அதற்கு முன்னைய இடப்பெயர்வுகளில் உறவுகளை இழந்தவர்களிடமும் இத்தகைய கேள்விகள் தங்கிவிட்டன. பிள்ளைகளே, உங்கள் வீட்டில் ஒருவர் காரணமின்றி மௌனமாக இருந்தால், அது உங்கள் மேல் உள்ள கோபம் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் இக்கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும்.

பெரியோர்களுக்கு நாம் பணிவுடன் கூற விரும்புவது இதுவே. எறிகணை எங்கே விழும் என்பதை நீங்கள் அறிந்திருக்கவில்லை. எந்தப் பாதை அன்று பாதுகாப்பானது என்பதை எவரும் உங்களுக்கு உண்மையாகச் சொல்லவில்லை. அன்று கையில் இருந்த அறிவைக் கொண்டு, அன்று இருந்த அச்சத்தின் நடுவே, பிள்ளைகளைக் காக்க முடிவெடுத்தீர்கள். இன்று தெரிந்தவற்றை வைத்து அன்றைய முடிவுக்குத் தீர்ப்புக் கூறுவது அறமாகாது. குற்றம் செய்தவர் சுமக்கவேண்டியதைத் துன்பம் அடைந்தவர் சுமப்பதற்கு நியாயம் இல்லை.

கடந்த காலம் முழுவதும் இரண்டாம் நிரலுக்கு உரியது. அதனால் அதை மறந்துவிட வேண்டும் என்பது பொருளன்று. இறந்தவரின் பெயரைச் சொல்லி விளக்கேற்றுவதும், நடந்ததைப் பிள்ளைகளுக்கு அவர்கள் வயதுக்கேற்ப எடுத்துரைப்பதும், காணாமற் போனவரைத் தேடும் உறவினருக்குத் துணைநிற்பதும் இன்றும் எம்மால் ஆகும். சுமை தாங்க முடியாத அளவுக்குச் சென்று உறக்கம் கெடுமாயின் மருத்துவரிடம் கூறுவதும் எம்மால் ஆகும். அதில் வெட்கம் ஏதும் இல்லை.

7. காத்திருக்கும் காலம்

அகதியாக வந்த எமக்குக் காத்திருத்தல் ஏட்டுக்கல்வி அன்று. தஞ்சக் கோரிக்கையை உரிய நாளில் கொடுத்தல், நடந்ததை நடந்தவாறே கூறுதல், சான்றுகளைத் திரட்டுதல், சட்டத்தரணியிடம் விளக்கம் கேட்டறிதல் ஆகியன விண்ணப்பித்தவரின் கையில் உள்ளவை. முடிவும் அது வரும் நாளும் அவர் கையில் இல்லை. தபாற்பெட்டியை நாளொன்றுக்கு மூன்று தடவை திறந்து பார்த்தாலும் கடிதம் விரைந்து வாராது.

ஆயினும் அக்காலம் வெறுங்காலம் ஆகிவிட வேண்டியதில்லை. நாளுக்குப் பத்துச் சொற்களாக வந்த நாட்டின் மொழியைக் கற்றால், ஓராண்டில் 3,650 சொற்கள் சேரும். பாதி மறந்தாலும் கடையிலும் மருத்துவமனையிலும் பிறர் துணையின்றிப் பேசலாம். வதிவிட அனுமதி கிடைத்தாலும் கிடையாவிட்டாலும் கற்றதை எவரும் திருப்பிக் கேட்பதில்லை. நிக்கொப்பொலிஸ் நகரில் பாடசாலை தொடங்கிய ஆசிரியர், உரோமாபுரிக்குத் திரும்பும் நாள் வரட்டும் என்று பாடத்தை ஒத்திவைக்கவில்லை.

8. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளையின் பரீட்சைப் புள்ளி பெற்றோரின் எந்த நிரலுக்கு உரியது? பலரும் அதனை முதல் நிரலில் வைத்துக்கொள்கின்றனர். பிள்ளைக்கும் தன் தாள் ஒன்று உண்டு; தனக்கென மூன்று நிரல்களும் உண்டு. பிள்ளையின் முயற்சி பிள்ளையின் முதல் நிரலில் இருப்பது. அதை எடுத்து எமது நிரலில் எழுதிக்கொள்ள இயலாது.

அமைதியாகப் படிக்க ஓர் இடம் கொடுத்தல், வேளைக்கு உணவு கொடுத்தல், விளங்காததைப் பாடசாலை ஆசிரியரிடம் கேட்கத் துணைசெய்தல், பிள்ளை சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்டல் ஆகியன பெற்றோரின் வேலை. மருத்துவராவதா பொறியியலாளராவதா தச்சராவதா என்பதைப் பிள்ளை தன் இயல்பறிந்து தெரிந்துகொள்ளட்டும். நாம் போரில் இழந்ததைப் பிள்ளையின் பட்டத்தால் ஈடுசெய்யலாம் என்று எண்ணுவோமாயின், பிள்ளை தன்னுடையதல்லாத ஒரு கடனோடு வளர நேரிடும்.

வீடு திரும்பும் பிள்ளையிடம் "எத்தனை புள்ளி?" என்று கேட்பதற்கு முன்னர், "இன்றைக்கு எது விளங்கியது, எது விளங்கவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். முதற் கேள்வி பயனைப் பற்றியது. இரண்டாவது முயற்சியைப் பற்றியது. இரண்டாவதற்குப் பிள்ளை அஞ்சாமல் விடை சொல்லும்.

தமிழைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் இப்பிள்ளைகள் தத்தம் மக்களுடன் தமிழில் பேசுவார்களா என்பது எமது கையில் இல்லை. அதை எண்ணி அஞ்சுவதால் ஒரு சொல்லும் வளராது. இன்றிரவு உணவு வேளையில் தமிழில் பேசுவதும், சனிக்கிழமை காலையில் பனி கொட்டினாலும் பிள்ளையை நேரத்துக்கு வகுப்புக்கு அழைத்து வருவதும், பிழையாகப் பேசும் பிள்ளையை நகைக்காது திருத்துவதும் எமது கையில் உள்ளன. இத்தகைய பாடசாலைகள் யாவும் அந்த நம்பிக்கையிலேயே நடைபெறுகின்றன.

செயல் எமக்கு உரியது. அதன் பயனில் எமக்கும் பங்கு உண்டு. எம்மை மீறியவற்றுக்கும் பங்கு உண்டு. இதை உணர்ந்தவர் தோல்வியால் உடைந்துபோகார், வெற்றியால் செருக்குறார், பிறர் துன்பத்தைக் கண்டு "அது அவர்கள் விதி" என்று விலகிச் செல்லவும் மாட்டார்.

பயிற்சிகள்

1. பின்வருவனவற்றை மூன்று நிரல்களில் அமைக்குக: பனியினால் பேருந்து தாமதமாதல், வீட்டிலிருந்து புறப்படும் நேரம், பரீட்சைப் புள்ளி, நண்பர் உம்மைப் பற்றிக் கூறுவது, கோபம் வரும்போது நீர் பேசும் சொல், உமது உயரம், உதைபந்தாட்டத்தில் உமது அணி வெல்லுதல்.

2. மேலே இரண்டாம் நிரலில் நீர் எழுதியவற்றுள் ஒன்றைத் தெரிந்து, அதற்கு உள்ளேயும் உம்மால் ஆகக்கூடிய சிறிய செயல் எது என்பதைக் கூறுக. (கமக்காரரும் கிணறும் பற்றிய பகுதியை மீண்டும் படிக்க.)

3. "55 என்பது 39 ஆனது." இவ்விரண்டு எண்களிலிருந்தும் நாம் கற்கும் இரண்டு பாடங்களை உமது சொந்த வசனத்தில் எழுதுக.

4. 'ஊழ்', 'ஆள்வினையுடைமை' ஆகிய இரண்டு அதிகாரங்களையும் பெற்றோரின் துணையுடன் படித்து, உமக்குப் பிடித்த குறள் ஒவ்வொன்றை மனனம் செய்து அடுத்த வகுப்பில் பொருளுடன் கூறுக.

5. "எமது கையில் இல்லாத ஒன்று, பிறிதொருவர் கையில் இருக்கக்கூடும்." பாடசாலையில் ஒரு மாணவர் மற்றொருவரைத் துன்புறுத்தும் நிகழ்வைக் கொண்டு இதனை விளக்குக. துன்புறுத்தப்படுபவர், துன்புறுத்துபவர், பார்த்து நிற்பவர் ஆகிய மூவரின் முதல் நிரலிலும் எவை இருக்கும்?

6. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்க: ஒருவருடைய தாளை மற்றவர் பாராமல், இவ்வாரம் மனத்தை வருத்தும் விடயம் ஒன்றை ஒவ்வொருவரும் மூன்று நிரல்களில் எழுதுங்கள். எழுதியபின் தாள்களை மாற்றிப் படியுங்கள். அவரவர் முதல் நிரலில் உள்ளவற்றுள் ஒன்றை அன்றைக்கே செய்து முடியுங்கள்.